எக்ஸ்பயரி அக்காவின் நல்ல நாள்

அந்தக் குடோனில் அவளுக்கு ஒரே வேலைதான், தேதி பார்ப்பது. பால் பவுடர், பிஸ்கட், சாஸ் பாட்டில், ஷாம்பு, இருமல் மிட்டாய் என்று எது உள்ளே வந்தாலும் அதன் முதுகிலோ மூடியிலோ அடியிலோ பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து ஸ்கேனரில் ஏற்றி, எது முதலில் முடியப் போகிறதோ அதை அடுக்கின் முன்வரிசைக்குத் தள்ள வேண்டும். முதலில் முடிவது முதலில் போக வேண்டும் என்பது குடோனின் வேதவாக்கு. அதை மூன்று அடி உயர எழுத்தில் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அவளுக்கு அது தேவையில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

பதினோரு வருடத்தில் தேதி தாண்டிய ஒரு பொட்டலம்கூட அவள் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. லாரி டிரைவர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்பயரி அக்காதான். ஒருமுறை தன் பிறந்தநாள் கேக்கை வெட்டுவதற்கு முன் அந்த டப்பாவைத் திருப்பித் தேதி பார்த்ததைக் கேன்டீனில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளே சேர்ந்து சிரிப்பாள். பார்த்தது பார்த்ததுதானே, மறுக்க என்ன இருக்கிறது?

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அவள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். வேலையிடத்தில் ஒரு நாள் தாமதமானாலும் தாம்தூம் என்று குதிக்கிறவள், வீட்டில் எதையும் முடியவே விடமாட்டாள், ஏனென்றால் எதையும் தொடங்கவே விடமாட்டாள். சோபாவுக்கு வாங்கியபோது போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் சரக் சரக் என்று பேசும். ரிமோட்டுக்கு ஒரு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னொரு உறை. விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று வைத்த பன்னிரண்டு பீங்கான் தட்டுகள் இருந்தன. விருந்தாளிகள் வந்தார்கள், எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுப் போனார்கள். “இவங்க நம்ம ஆளுங்கதானே” என்பாள். நம்ம ஆள் அல்லாதவர்கள் யாரும் அந்த வீட்டுக்குச் சாப்பிட வரவே இல்லை.

அலமாரியின் மேல்தட்டில், வலது மூலையில், ஒரு ஷூப் பெட்டி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் கல்யாண நாளுக்குக் கணவர் வாங்கி வந்தது. கறுப்பு நிறம், சின்னதாக உயர்ந்த குதி, மெத்தென்ற அடி. அவர் பஸ் டிரைவர். அதிகம் பேச மாட்டார், வாங்கிக் கொடுப்பது அதைவிட அபூர்வம். அன்று பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, போட்டுக் காட்டச் சொன்னார். அவள் முகர்ந்து பார்த்தாள், தடவிப் பார்த்தாள், திரும்பத் தாளில் சுற்றினாள். “இவ்வளவு நல்லதை சும்மா போடுறதா? ஒரு நல்ல நாள் வரட்டும்” என்றாள். கல்யாண நாளைவிட நல்ல நாள் எதுவென்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார், பிறகு விட்டுவிட்டார்.

இந்தக் குணம் அலமாரியோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலையிலும் அது கைவைத்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும், உள்ளுக்குள் கொள்ளை ஆசை. இதுவரை நான்கு சூப்பர்வைசர்களுக்கு அவள்தான் வேலை கற்றுக் கொடுத்தாள். நான்கு பேரும் கற்றுக்கொண்டு, அவள் தலைக்கு மேலே உட்கார்ந்து, அவளுக்கே லீவு மறுத்தார்கள். நான்கு தடவையும் விண்ணப்பம் கேட்டார்கள். முதல் தடவை மகளுக்குப் பரீட்சை. இரண்டாம் தடவை கணவருக்குக் கால் பிசகியிருந்தது. மூன்றாம் தடவை காரணம் எதுவும் கிடைக்காததால் “இப்போ என்ன அவசரம்” என்பதையே காரணமாக வைத்துக்கொண்டாள். நான்காம் தடவை நிஜமாகவே படிவத்தை நிரப்பிவிட்டாள். கசங்கக் கூடாதென்று பைக்குள் அட்டைக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். அது அங்கேயே இருக்க, கடைசித் தேதி போய்விட்டது. எக்ஸ்பயரி அக்கா ஒரு கடைசித் தேதியைத் தவறவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை. விருப்பமில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஐந்தாவது தடவை மேனேஜரே கூப்பிட்டார். நாற்பத்தெட்டு வயது நிறைந்துவிட்டால் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று புது விதி வந்திருக்கிறது. “உங்களுக்கு நாற்பத்தெட்டு நிறைய இன்னும் ரெண்டு மாசம் இருக்குக்கா. இதை விட்டா அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது” என்றார். ஊரிலுள்ள பிஸ்கட்டுக்கெல்லாம் தேதி பார்த்தவள் தன் முதுகைத் திருப்பிப் பார்க்கவே இல்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. அன்று மதியமே படிவத்தைக் கொடுத்தாள், கசங்கின படிவம்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நேர்முகத்தில் இங்கிலீஷில் பேச வேண்டும். சரக்கு அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் குடோனைச் சோதிக்க வரும்போது சூப்பர்வைசர்தான் பதில் சொல்ல வேண்டும், அவர்களுக்கு இங்கிலீஷ்தான் தெரியும். அதற்காக நிர்வாகமே சனிக்கிழமை மதியங்களில் கேன்டீனில் வகுப்பு வைத்தது. பாடம் எடுக்க வந்த டீச்சருக்கு அவள் மகளைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். ஸ்கூட்டரில் வந்து ஹெல்மெட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் மூச்சு விடாது அந்தப் பெண்.

நேர்முகத்தில் ஆளுக்கு ஒரு சொற்றொடர் கொடுப்பார்கள், அதை வைத்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். யாருக்கு எது என்பதை வகுப்பிலேயே சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். லோடிங் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு மழை கொட்டுவது பற்றி ஒன்று வந்தது. அவர் அதிர்ஷ்டக்காரர், மழையில் நனையாதவர் யார்? எக்ஸ்பயரி அக்கா எடுத்த சீட்டில் ‘லைக் தேர் இஸ் நோ டுமாரோ’ என்று இருந்தது. நாளை என்ற ஒன்றே இல்லாதது போல.

டீச்சர் விளக்கினாள். ஒரு காரியத்தை அளவுமீறி, அடங்காத வேகத்தோடு செய்தால் இப்படிச் சொல்வார்கள். செயலை முதலில் சொல்லிவிட்டு இதை வாலில் ஒட்ட வேண்டும். சாப்பிட்டான், நாளையே இல்லாதது போல. செலவழித்தான், ஆடினான், சிரித்தான், எல்லாவற்றுக்கும் ஒட்டும். ஆற அமரச் செய்கிற வேலைக்கு ஒட்டாது. கண்மண் தெரியாமல் என்று நாம் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே என்று ஃபோர்க்லிஃப்ட்காரர் கேட்டார்.

“கிட்டத்தட்ட. ஆனா கண்மண் தெரியாம ஓடுறவனை ஏதோ துரத்துது. இவனை யாரும் துரத்தலை. நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வெப்போம்ங்கிற நினைப்பு இவனுக்கு இல்லை, அவ்வளவுதான்” என்றாள் டீச்சர். பிறகு எல்லோரையும் பார்த்து ஒரு நிபந்தனை போட்டாள். “நடந்ததை மட்டும் சொல்லுங்க. பொய் சொன்னா இங்கிலீஷ் தடுக்கும். உண்மைன்னா தப்பும் தவறுமா பேசினாலும் ஓடிடும்.”

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எக்ஸ்பயரி அக்கா தன் நாற்பத்தேழு வருடத்தையும் சலித்துப் பார்த்தாள். நாளைக்கு மிச்சம் வைக்காமல் அவள் செய்த காரியம் எது? சாப்பாடா? பசித்தாலும் கடைசிக் கவளத்தை மூடி வைக்கிற ஜாதி. சிரிப்பா? அதிகம் சிரித்தால் அழ வேண்டி வரும் என்று பாதியில் நிறுத்திக்கொள்வாள். கல்யாணப் புகைப்படத்தில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். காதல், கோபம், தூக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தாள். எல்லாம் மூடி பிரிக்காமல் இருந்தன. எனக்கென்று வாய்த்த சீட்டைப் பாரேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போனாள்.

வீட்டில் கேட்டுப் பார்த்தாள். “நான் எதையாவது, நாளைக்குன்னு ஒண்ணு இல்லாத மாதிரி செஞ்சிருக்கேனா? யோசிச்சுச் சொல்லுங்க.”

மகள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். உறையும் கூடச் சேர்ந்து சரக் சரக் என்று சிரித்தது. பிறகு விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். எட்டாவது படிக்கும்போது பரிசாக வந்த வண்ணப் பென்சில் பெட்டியை அம்மா உள்ளே வைத்து, கல்லூரியில் சேர்ந்த பிறகு எடுத்துக் கொடுத்தது. வாசனைத் திரவியம். புதுப் போர்வை. டார்ச் லைட், அதுவும் இருட்டில் எடுத்தால் தேய்ந்துவிடும் என்று. எண்ண இரண்டு கை போதவில்லை. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். மகள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “ஷூவை விட்டுட்டியே” என்று மட்டும் சொன்னார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு வலித்தது.

வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். இன்றைக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பயன்படுத்திவிடுவது, நாளையே இல்லாதது போல! இரண்டு நிமிடப் பேச்சுக்கு விஷயமும் ஆயிற்று, வீட்டு ஆட்களின் வாயையும் மூடியது போல ஆயிற்று.

முதலில் வாசனைத் திரவியம். மூடியைத் திறந்து அழுத்தினாள். உஸ் என்று வெறும் காற்று வந்தது. பாட்டிலுக்குள் இருந்ததெல்லாம் அவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் எப்போதோ பறந்து போயிருந்தது. டார்ச்சில் பேட்டரி ஒழுகிப் பச்சையாகப் பூத்திருந்தது. கைக்குப் பூசும் கிரீம் தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்து கிடந்தது. கணவருடன் வேலை பார்த்தவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் வெளுத்துப்போயிருந்தது. திருப்பிப் பார்த்தாள், தேதி முடிந்து ஏழு வருடம். புதுப் போர்வையை உதறினாள். மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கிழிந்து, ஒரு போர்வை எட்டுத் துண்டானது. தப்பித்தவை பீங்கான் தட்டுகள் மட்டும்தான், பீங்கானுக்குத் தேதி கிடையாது.

கூடத்து நடுவில் அவள் மூன்று குவியல் போட்டாள், குடோனில் போடுவது போலவே. பயன்படும், சந்தேகம், அகற்றவும். கடைசிக் குவியல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. குடோனில் இப்படி ஒரு குவியல் போட்டிருந்தால் அதற்குக் காரணமானவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். இவளோ ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறாள், எங்கே அனுப்புவது? தரையில் உட்கார்ந்து வெளுத்த சாக்லேட்டில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள், சுண்ணாம்பு மாதிரி இருந்தது. தனக்குத் தண்டனையாக இருக்கட்டும் என்று விழுங்கினாள்.

மதியம் பீங்கான் தட்டில் சாப்பாடு போட்டாள். கணவர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, யார் வரப்போகிறார்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லை, உங்களுக்குத்தான் என்றாள். அவர் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடச் சாப்பிட்டார்.

இவ்வளவும் செய்தவள் ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. கை ஷூப் பெட்டிவரை போனது, திரும்பி வந்துவிட்டது. பத்து நாளில் நேர்முகம். இத்தனை வருடம் காத்திருந்த நல்ல நாள் அதுவல்லாமல் வேறெது? அன்றைக்குப் புதுசாகப் போட்டுக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. பார்த்தீர்களா, நாளையே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்றை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்துவிட்டாள்.

அந்தப் பத்து நாளில் பேச்சு தயாரானது. அலமாரியைத் திறந்தேன், நாளையே இல்லாதது போல எல்லாவற்றையும் அனுபவித்தேன், வாசனைத் திரவியம் மல்லிகை மணந்தது, போர்வை பஞ்சு போல இருந்தது, சாக்லேட் இனித்தது. மகள் மேற்பார்வையில் உருப்போட்டாள். “வாசனை எங்கேம்மா வந்துது? வெறும் காத்துதானே” என்று மகள் கேட்டாள். காற்று வந்தது என்று சொன்னால் மதிப்பாக இருக்குமா என்று மகளின் வாயை அடைத்தாள்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷூவைத் துடைத்துத் துணிப்பையில் வைத்தாள். கணவர் பார்த்தார். அவருக்கு மறுநாள் முதல் ட்ரிப், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்.

“இப்பவாவது போட்டுக் காட்டலாமே” என்றார்.

“நாளைக்கு வந்து காட்டுறேன். இப்பவே போட்டா சுருக்கம் விழுந்துடும்” என்றாள். அவர் தலையாட்டினார். ஒன்பது வருடமாகத் தலையாட்டிப் பழகியவர்.

காலையில் ரப்பர் செருப்போடுதான் போனாள். ரோட்டுத் தூசி புது ஷூவில் படலாமா? குடோனின் உடைமாற்றும் அறையில், பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்பது வருடத் தாளைப் பிரித்து முதன்முறையாகக் காலை நுழைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. எழுந்து நின்றாள், ஒரு அங்குலம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று மனம் துள்ளியது. அங்கிருந்து நேர்முகம் நடக்கும் அறைக்கு முப்பது அடி தூரம்கூட இருக்காது. தாழ்வாரம் முழுக்க வெள்ளை டைல்ஸ்.

பத்தாவது அடியில் இடது காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது, பிஸ்கட்டை மிதித்தது போல. யாராவது பாக்கெட்டைக் கீழே போட்டிருப்பார்கள் என்று குனிந்து பார்த்தாள். கறுப்புத் தூள். இன்னும் இரண்டு அடி வைத்தாள், இன்னும் தூள். வலது காலும் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால், வெள்ளை டைல்ஸில் அவள் வந்த வழி முழுக்கக் கறுப்புப் பொடி தடம் போட்டிருந்தது. பெட்டிக்குள் பத்திரமாக இருந்து இருந்து, அடிப்பாகம் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருக்கிறது. போட்டு நடந்திருந்தால் ஐந்து வருடமாவது உழைத்திருக்கும். நடக்காததால் செத்துப்போன ஷூ!

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. திரும்பிப் போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நாளை என்று ஒன்று இனி இல்லையே! வாசலில் இடது குதி மொத்தமாகக் கழன்று உள்ளே உருண்டது, அவளுக்கு முன்னால்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர், ஆட்களை எடுக்கும் பிரிவின் அதிகாரியம்மா, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர். மூவரும் முதலில் குதியைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள், கடைசியாகத்தான் அவளைப் பார்த்தார்கள். ஒரு கால் உயரம், ஒரு கால் குட்டை என்று ஆடி ஆடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சீட்டில் வந்த சொற்றொடரைப் பற்றிப் பேசச் சொன்னார்.

வாயைத் திறந்தாள். அலமாரி வந்தது. அடுத்து மல்லிகை மணம் வர வேண்டும், வரவில்லை. டீச்சர் சொன்னது சரிதான், பொய் தடுக்கிறது. ஐந்து விநாடி, பத்து விநாடி ஓடிப்போனது. மேனேஜர் அவளுக்காகப் பதறிப் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவள் குனிந்து அந்தக் குதியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஓடியது பாருங்கள் இங்கிலீஷ்! காலம் தப்பி, ஒருமை பன்மை தப்பி, ஆனால் நிற்காமல். இது என் கணவர் வாங்கிக் கொடுத்தது, ஒன்பது வருடமாக நல்ல நாளுக்காக வைத்திருந்தேன், இன்றுதான் அந்த நல்ல நாள் என்றாள். இந்தக் கட்டடத்தில் பதினோரு வருடமாக ஒரு தேதி தப்பவிட்டதில்லை, வீட்டில் ஏழு வருடம் கெட்டுப்போன சாக்லேட் இருக்கிறது, போன வாரம் தின்று பார்த்தேன் என்றாள். வாசனைத் திரவியம் காற்றாகிப் போனதையும் போர்வை எட்டாகிப் போனதையும் சொன்னாள். வேலைக்கு விண்ணப்பிக்காமல் விட்ட நான்கு தடவையையும், பைக்குள் பத்திரமாக இருந்த படிவத்தையும்கூடச் சொல்லிவிட்டாள். அதுவரை அதை அவள் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. நாளையே இல்லாதது போலப் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அது தெரியவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. ஆட்களை எடுக்கும் அம்மா சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடம் வராமல் இப்போது மட்டும் ஏன் வந்தீர்கள் என்று பெரியவர் கேட்டார். எக்ஸ்பயரி அக்காவுக்கு இங்கிலீஷ் தீர்ந்துபோயிருந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தமிழிலேயே சொன்னாள்.

“எனக்கு இன்னும் ஒண்ணரை மாசம்தான் சார் டேட் இருக்கு. முதல்ல முடியறதை முதல்ல எடுக்கணும். நம்ம குடோன் சட்டம்.”

மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வேலை உங்களுக்குத்தான், முறைப்படி உத்தரவு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை பொறுப்பு சூப்பர்வைசராகப் பார்த்துக்கொள்ளலாம், எப்போதிலிருந்து பார்ப்பீர்கள் என்று மேனேஜர் கேட்டார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி நன்றாக இருக்கும் என்று நாக்கு நுனியில் தயாராக நின்றது. மேசைமேல் குதி இருந்தது.

“இப்பவே” என்றாள்.

அன்று காலை ஷிஃப்டுக்கு உண்மையிலேயே சூப்பர்வைசர் இல்லை. அடி முழுக்க உதிர்ந்துபோன ஷூவின் மேல்பாகத்தையும் குதியையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்டோரில் கிடந்த பாதுகாப்பு பூட்ஸை மாட்டிக்கொண்டு பொறுப்பேற்றாள். அவள் அளவில் எதுவுமில்லை, இரண்டு அளவு பெரியதுதான் கிடைத்தது. டப் டப் என்று வாத்து நடை நடந்து முதல் உத்தரவு போட்டாள். தாழ்வாரத்தைக் கூட்டுங்கள், யாரோ பெரிய மனுஷி குப்பை போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்று வாசலிலேயே சொன்னாள். அவர் எழுந்து நின்றார். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, எத்தனையோ வருடம் முன்பே இதைக் கொடுத்திருக்கலாமே இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவர் கண் அவள் காலுக்குப் போனது. ரப்பர் செருப்பு.

“ஷூவைப் போட்டுக் காட்டுறேன்னியே” என்றார்.

அவள் பையைக் கவிழ்த்தாள். மேல்பாகம் இரண்டும், ஒற்றைக் குதியும், ஒரு பிடி கறுப்புத் தூளும் விழுந்தன. நடந்ததைச் சொன்னாள். படிவம் பையில் கிடந்த கதையையும் சேர்த்தே சொன்னாள். சிரிக்கச் சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. “நான் ஒரு மண்டுங்க. நீங்க ஆசையா வாங்கிக் கொடுத்ததை ஊரே பார்த்துடுச்சு, நீங்க மட்டும் பார்க்கலை” என்றாள்.

அவர் குனிந்து மேல்பாகம் இரண்டையும் எடுத்தார். உள்ளேயிருந்த தூளைக் கையால் தட்டினார். அவள் கால் பக்கத்தில், சேர்த்து நேராக வைத்தார்.

“போடு” என்றார்.

“அடி இல்லையேங்க.”

“பரவாயில்லை, போடு.”

போட்டாள். மேலே பளபளவென்று புது ஷூ, கீழே அவள் சொந்தப் பாதம் தரையில் பட்டது. இரண்டு அடி தள்ளிப் போய் நின்றாள். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சோபாவில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“அளவு சரியாத்தான் வாங்கியிருக்கேன்” என்றார். “கொஞ்சம் நட.”

கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தாள். மிச்சமிருந்த தூள் தரையெல்லாம் கொட்டியது. துடைப்பத்தை எடுக்கத் திரும்பினாள்.

“அது கிடக்கட்டும்” என்றார் அவர். “இன்னொரு தடவை நட.”

அவள் நடந்தாள்.